விசில் யார் பக்கம்?

2024 பிப்ரவரி 12, ஹூஸ்டன். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் ஓர் ஆட்டம். ராக்கெட்ஸும் நியூயார்க் நிக்ஸும் 103-103 என்று சமநிலையில் நிற்கின்றன. ஹூஸ்டனின் ஆரன் ஹாலிடே தூரத்திலிருந்து அவசரமாகப் பந்தை எறிகிறார். உள்ளே போகவில்லை. எல்லோரும் ஓவர்டைமுக்கு (சமநிலையை முறிக்க ஆடும் கூடுதல் நேரம்) தயாராகும்போது விசில் ஊதுகிறது. எறிந்தவரை நிக்ஸின் ஜேலன் பிரன்சன் இடித்துவிட்டாராம். கடிகாரத்தில் மிச்சம் 0.3 நொடி. ஹாலிடேவுக்கு மூன்று ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு, உள்ளே போனால் ஒரு புள்ளி) கிடைத்தது, முதல் இரண்டையும் போட்டார், ஹூஸ்டன் 105-103 என்று ஜெயித்தது.

கொஞ்ச நேரத்திலேயே தலைமை நடுவர் எட் மல்லாய், ஆட்டத்துக்குப் பிறகு வீடியோவைப் பார்த்ததாகவும், அந்த மோதல் எறிதலைப் பாதிக்கவில்லை, ஃபவுல் கொடுத்திருக்கக் கூடாது என்றும் நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார். நிக்ஸ் முறைப்படி முறையீடு செய்தது, என்பிஏ தள்ளுபடி செய்தது. நடுவர் விதியையே தவறாகப் பிரயோகித்திருந்தால்தான் முறையீடு செல்லும், அவர் கண்ணால் பார்த்து எடுத்த முடிவு தப்பாகப் போனால் செல்லாது என்பது லீக்கின் விளக்கம். ஆக, தப்பு நடந்ததை நடுவரே சொல்லிவிட்டார், ஆனாலும் புள்ளிப் பட்டியலில் ஹூஸ்டனுக்கு ஒரு வெற்றி, நிக்ஸுக்கு ஒரு தோல்வி.

இந்த வேறுபாடு எவ்வளவு விசித்திரமானது என்று பார்க்க 2007 டிசம்பருக்குப் போகவேண்டும். அட்லாண்டாவில் மயாமி ஹீட் ஆடியபோது, ஸ்கோர் மேசையில் இருந்தவர்கள் ஷகீல் ஓ'நீலின் ஃபவுல்களைத் தப்பாக எண்ணி, ஐந்தாவதை ஆறாவது என்று பதிந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆறு ஃபவுல் ஆனால்தான் வெளியேற்றம். இது விதிப் பிழை என்பதால் மயாமியின் முறையீடு வென்றது. கடைசி 51.9 நொடிகளை மட்டும் 2008 மார்ச் 8 அன்று மறுபடி ஆடச் சொன்னார்கள். அதற்குள் ஓ'நீலே ஃபீனிக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டிருந்தார்! யாருக்காக அந்த நொடிகளைத் திருப்பி ஆடினார்களோ அவர் இல்லாமலேயே ஆடி முடித்தார்கள். இரண்டு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, முடிவும் மாறவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். தொழில்முறைக் கூடைப்பந்தில் நடுவர்கள் ஆட்டத்தின் முடிவை மாற்றுகிறார்களா? இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யாரோ முன்கூட்டியே முடிவுசெய்து ஆட்டத்தை ஒரு பக்கம் தள்ளுகிறார்களா என்பது ஒன்று. நேர்மையாக வேலை செய்யும் நடுவரின் விசிலும் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்கிறதா என்பது மற்றொன்று. ரசிகர்கள் சத்தம் போடுவது முதலாவதைப் பற்றி. ஆதாரம் குவிந்திருப்பது இரண்டாவதற்குத்தான்.

முதலில் ஒரு விசிலின் விலை என்ன என்று பார்க்கலாம். என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். ஒவ்வொரு அணிக்கும் சுமார் 100 முறை பந்து கைக்கு வரும். ஒரு முறைக்குச் சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்று மேல் கிடைக்கும். ஃப்ரீ த்ரோவில் வீரர்கள் நூற்றுக்கு 75-லிருந்து 80 வரை போட்டுவிடுகிறார்கள். அப்படியென்றால் இரண்டு ஃப்ரீ த்ரோ என்பது ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளி. எறிந்த பந்து தவறிவிட்ட பிறகு வரும் தப்பான விசில் அந்த ஒன்றரைப் புள்ளியைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறது. ஊதவேண்டிய இடத்தில் ஊதாமல் விட்டால் அதே அளவு பறிபோகிறது. ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து நாற்பது ஃபவுல் அளவில் வரும். அதில் மூன்று நான்கு ஒரே பக்கம் தப்பாகப் போனாலே ஐந்தாறு புள்ளி. எத்தனையோ ஆட்டங்கள் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில்தான் முடிகின்றன.

இது நேரடிக் கணக்கு. மறைமுகக் கணக்கும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் குவார்ட்டரிலேயே (ஆட்டத்தின் பன்னிரண்டு நிமிடக் கால்பகுதி) நட்சத்திர வீரருக்கு இரண்டு ஃபவுல் விழுந்தால் பயிற்சியாளர் அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். ஆறாகிவிடுமோ என்ற பயம். திரும்பி வந்தாலும் தடுப்பாட்டத்தில் கையை ஓங்கத் தயங்குவார். இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாகாது. கூடவே இன்னொன்று: ஒரு குவார்ட்டரில் ஓர் அணி ஐந்தாவது ஃபவுலுக்கு வந்துவிட்டால், அதிலிருந்து எறிதலுக்குச் சம்பந்தமில்லாத சாதாரண ஃபவுலுக்கும் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோதான். தொடக்கத்தில் ஊதிய அற்ப விசிலுக்கு எட்டு நிமிடம் கழித்து விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு கனமான விசில் சமமாக விழுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஃபவுல் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் பயனில்லை. கூடைக்கு அருகே முட்டிமோதி ஆடும் அணிக்கு ஃப்ரீ த்ரோ அதிகம் கிடைப்பது இயல்பு. வெளியிலிருந்தே எறியும் அணிக்குக் குறைவு. ஜோசப் பிரைஸ், மார்க் ரெமர், டேனியல் ஸ்டோன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். பந்தை இழப்பதில் இரண்டு வகை உண்டு. பாஸ் தவறிக் கோட்டுக்கு வெளியே போவது போன்றவற்றில் நடுவரின் விருப்பத்துக்கு வேலை அதிகமில்லை. பந்தோடு கூடுதலாக அடிவைத்தாரா, தாக்கும் வீரரே தடுப்பவரை இடித்தாரா என்பதெல்லாம் முழுக்க நடுவரின் பார்வையைப் பொறுத்தவை. உள்ளூர் அணி நன்றாக ஆடுவதுதான் காரணம் என்றால் இரண்டு வகையிலும் அதன் இழப்பு ஒரே மாதிரி குறைய வேண்டும். ஆனால் நடுவரின் பார்வையைப் பொறுத்த வகையில்தான் உள்ளூர் அணிக்கு ஆதாயம் தெரிந்தது. ஆட்டத்தில் பின்தங்கியிருக்கும் அணிக்கும், பிளேஆஃப் தொடரில் (பருவ முடிவில் இரண்டு அணிகள் ஏழு ஆட்டங்கள் வரை மோதும் சுற்று) பின்தங்கியிருக்கும் அணிக்கும்கூட இதே சாய்வு கிடைத்தது.

கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சந்தேகக்காரர்கள் குதிப்பார்கள். தொடர் ஏழாவது ஆட்டம் வரை நீண்டால் லீக்குக்கும் தொலைக்காட்சிக்கும் லாபம், அதனால்தான் இப்படி என்று. அந்த ஆய்வாளர்களே சாய்வுகள் லீக்குக்கு லாபகரமானவை என்பதைத்தான் தலைப்பிலேயே சொன்னார்கள். ஆனால் லாபம் இருக்கிறது என்பதிலிருந்து உத்தரவு வந்தது என்று தாண்டிக் குதிக்க முடியாது. இருபது புள்ளி பின்தங்கிய அணிமேல் இன்னொரு விசில் ஊத மனிதக் கை தயங்கும். அதற்கு மேலிடத்திலிருந்து யாரும் போன் செய்ய வேண்டியதில்லை.

உள்ளூர் அனுகூலம் நமக்குப் புதிதல்ல. டெஸ்ட் கிரிக்கெட்டில் வெளிநாட்டு நடுவர்களைக் கொண்டுவந்ததே எல்பிடபிள்யூ பஞ்சாயத்துகள் தாங்காமல்தான். என்பிஏ-வில் 1980களில் உள்ளூர் அணிகள் மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்களை ஜெயித்துக்கொண்டிருந்தன. இப்போது அது 55 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. பயண வசதி கூடியது, மூன்று புள்ளி எறிதல் பெருகியது என்று காரணங்கள் பல சொல்கிறார்கள். 1988-89 பருவத்திலிருந்து நிரந்தரமாக மூன்று நடுவர்கள் நிற்பதும், ஒவ்வொரு விசிலையும் கேமரா பின்னால் நின்று பார்ப்பதும் அந்தப் பட்டியலில் சேரவேண்டும் என்பது என் கருத்து. கொரோனா காலத்து 2020-21 பருவத்தில், அரங்குகள் காலியாகவோ அரைகுறையாகவோ இருந்தபோது, உள்ளூர் வெற்றி விகிதம் சுமார் 54-க்கு இறங்கியது. கூட்டத்தின் இரைச்சல் நடுவரின் காதிலும் விழுந்துகொண்டிருந்தது என்று நினைக்க இது இடம் தருகிறது. பிறகு கூட்டம் திரும்பி வந்த ஆண்டுகளிலும் விகிதம் அதே அளவுக்கு வந்ததுண்டு என்பதால், இதை ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

இதைவிடப் பெரிய புயலைக் கிளப்பியது 2007 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்த ஓர் ஆய்வு. அதே ஜோசப் பிரைஸும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும் 1991-92 முதல் 2003-04 வரையான பதின்மூன்று பருவங்களின் ஆட்டக் குறிப்புகளை அலசியிருந்தார்கள். நடுவர் குழுவின் இனம் தன் இனத்திலிருந்து வேறுபடும்போது ஒரு வீரருக்கு விழும் ஃபவுல் கூடுகிறது, அதிகபட்சம் 4 சதவீதம் வரை என்றார்கள். என்பிஏ கொதித்தது. எந்த விசிலை எந்த நடுவர் ஊதினார் என்பதே இந்த ஆய்வில் இல்லை, எங்களிடம் இருக்கும் விவரமான தரவில் அப்படிச் சாய்வு எதுவும் தெரியவில்லை என்று மறுத்தது. அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னால் டெவின் போப்பையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் செய்த தொடர் ஆய்வில், செய்தி வெளியான பிறகான ஆண்டுகளில் அந்தச் சாய்வு காணாமல் போயிருந்தது. லீக் இதற்காக நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை, விதியையும் மாற்றவில்லை. நம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததே போதுமானதாக இருந்ததுபோல. திட்டமிட்ட சதியாக இருந்திருந்தால் ஒரு பத்திரிகைச் செய்தியால் இவ்வளவு சுத்தமாகக் கரைந்திருக்குமா என்பது யோசிக்கத்தக்கது.

இதெல்லாம் சராசரிகளின் கதை. ரசிகர் மனதில் சராசரி தங்காது, ஓர் இரவு தங்கும். சாக்ரமெண்டோ நகரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் இரவு 2002 மே 31. மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் உள்ளூர் அணியான கிங்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு எதிராக 3-2 என்று முன்னணியில் இருந்தது. ஆறாவது ஆட்டத்தின் நாலாவது குவார்ட்டரில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ. கிங்ஸின் பெரிய ஆட்கள் விளாடே டிவாக்கும் ஸ்காட் பொல்லார்டும் ஆறு ஃபவுல் வாங்கி வெளியேறினார்கள். கடைசி நொடிகளில் லேக்கர்ஸின் கோபி பிரையன்ட்டின் முழங்கை கிங்ஸின் மைக் பிபியின் மூக்கில் பட்டு ரத்தம் வந்தது; அதற்கு விசில் இல்லை. லேக்கர்ஸ் 106-102 என்று வென்றது. நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் லீக் கமிஷனர் டேவிட் ஸ்டெர்னுக்குக் கடிதமே எழுதினார்.

அந்தக் குவார்ட்டர் மோசமான நடுவர் வேலைக்கு உதாரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏழாவது ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்கக் கூடாது. அது சாக்ரமெண்டோவில், சொந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடந்தது. கிங்ஸ் 30 ஃப்ரீ த்ரோவில் 14-ஐத் தவறவிட்டது. மூன்று புள்ளி எறிதலில் 20-க்கு இரண்டே இரண்டு. ஓவர்டைமில் 112-106 என்று தோற்றது. ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும்போது எந்த நடுவரும் கையைப் பிடிப்பதில்லை.

2006 இறுதித் தொடரில் டாலஸுக்கும் இதேபோல ஒரு மனக்குறை. மயாமியின் டுவெய்ன் வேட் ஆறு ஆட்டங்களில் 97 ஃப்ரீ த்ரோ எறிந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் 25. டாலஸ் அணி முழுவதற்கும் சேர்த்து 25. மயாமி ஒரு புள்ளியில் ஜெயித்தது. டாலஸ் முதலாளி மார்க் கியூபன் கத்தினார், இரண்டரை லட்சம் டாலர் அபராதம் கட்டினார். அவருக்கு அபராதம் புதிதல்ல. 2002-ல் நடுவர்களின் மேலாளரை ஒரு டெய்ரி குவீன் ஐஸ்கிரீம் கடையை நடத்தக்கூட வைக்கமாட்டேன் என்று சொல்லி ஐந்து லட்சம் டாலர் கட்டியவர். டெய்ரி குவீன்காரர்கள் சவால் விட, ஒரு நாள் போய் அங்கே ஐஸ்கிரீம் பிடித்துக் கொடுத்துவிட்டும் வந்தார்.

தனிப்பட்ட பகை என்ற குற்றச்சாட்டும் உண்டு. நட்சத்திர வீரர் கிறிஸ் பாலுக்கும் நடுவர் ஸ்காட் ஃபாஸ்டருக்கும் உள்ள உரசல் பிரசித்தம். 2021 பிளேஆஃபில் ஓர் ஆட்டத்தில் தோற்றதும், ஃபாஸ்டர் நடுவராக இருந்த பிளேஆஃப் ஆட்டங்களில் தான் வரிசையாக 11 முறை தோற்றதை நிருபர்களிடம் பால் குத்திக்காட்டினார். கேட்கத் திகைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் லீக் தன் மதிப்பெண்ணில் மேலே இருக்கும் நடுவர்களைத்தான் பிளேஆஃபின் பிந்தைய சுற்றுகளுக்கு அனுப்புகிறது, ஃபாஸ்டர் அந்தப் பட்டியலில் நிரந்தரவாசி. அவர் வரும் ஆட்டங்கள் பெரும்பாலும் கடினமான ஆட்டங்கள், எதிரில் பலமான அணி. பதினொன்று முழுக்கத் தற்செயல் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சதிக்கு ஆதாரம் என்று எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

சதிக்கு உண்மையான ஆதாரம் கிடைத்தது ஒரே ஒரு நடுவர் விஷயத்தில்தான். டிம் டோனகி. பதின்மூன்று பருவங்கள் என்பிஏ-வில் விசில் ஊதியவர். 2007 ஜூலையில் எஃப்பிஐ விசாரணை வெளியே வருவதற்குச் சற்று முன் ராஜினாமா செய்தார், ஆகஸ்டில் இரண்டு கூட்டரசுக் குற்றங்களை ஒப்புக்கொண்டார், 2008-ல் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தான் நடுவராக நின்ற ஆட்டங்கள் மீதே பணம் கட்டியிருந்தார். 2006 டிசம்பரிலிருந்து பள்ளிக்கால நண்பர்கள் இருவர் வழியாகச் சங்கேதப் பேச்சில் தகவல் கொடுத்தார். சரியாக வந்த ஒவ்வொரு கணிப்புக்கும் முதலில் 2,000 டாலர், பிறகு 5,000.

இங்கே அமெரிக்கப் பந்தயத்தின் ஒரு நுணுக்கத்தைப் புரிந்துகொள்ளவேண்டும். பணம் பெரும்பாலும் யார் ஜெயிப்பார் என்பதன் மேல் கட்டப்படுவதில்லை, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்பதன் மேல்தான். பலமான அணி ஆறு புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று ஒருவர் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது எட்டில் ஜெயித்தாலும் நாலில் ஜெயித்தாலும் வெற்றி வெற்றிதான், தோற்ற அணி புலம்பப்போவதில்லை, செய்தித்தாளில் வரப்போவதில்லை. ஆனால் பந்தயம் கட்டியவர் ஒன்றில் லாபம் அடைகிறார், மற்றொன்றில் இழக்கிறார். இந்த இடைவெளியை மாற்ற நடுவருக்கு இரண்டு மூன்று விசில் போதும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

டோனகி அப்படிச் செய்தாரா? தப்பான விசில் எதையும் வேண்டுமென்றே ஊதவில்லை, உள்தகவலை வைத்துத்தான் கணித்தேன் என்பது அவர் வாதம். எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் வருகிறார் என்பதை லீக் அன்று கடைசி நேரம் வரை ரகசியமாக வைத்திருந்தது. எந்த நடுவருக்கு எந்த வீரரைப் பிடிக்காது, யார் உள்ளூர் அணிக்கு இளகுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கூட்டரசு விசாரணையும், லீக் நியமித்த வழக்கறிஞர் லாரன்ஸ் பெடோவிட்ஸ் 2008-ல் கொடுத்த அறிக்கையும், வேண்டுமென்றே தவறான விசில் ஊதியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றன. 2019-ல் ஈஎஸ்பிஎன் வெளியிட்ட நீண்ட புலனாய்வுக் கட்டுரை அதை மறுத்து, பணம் குவிந்த பக்கத்துக்கு அவருடைய விசிலும் சாய்ந்தது என்று புள்ளிவிவரத்தோடு வாதிட்டது. எனக்கு இரண்டாவதுதான் நம்பக்கூடியதாக இருக்கிறது. தன் பணமே பந்தயத்தில் கிடக்கும்போது ஒரு மனிதனின் கண் நடுநிலையாக இருக்கும் என்று நம்புவது கஷ்டம்.

2002-ன் அந்த ஆறாவது ஆட்டத்தை நடுவர்கள் திட்டமிட்டு நீட்டினார்கள் என்ற குற்றச்சாட்டும் 2008-ல் டோனகி தரப்பிலிருந்து வந்ததுதான். ஸ்டெர்ன் மறுத்தார், யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. தண்டனைக் குறைப்பை எதிர்பார்த்து நின்றவரின் வாக்குமூலம் அது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் டோனகி சொன்னதில் ஒன்றை லீக் செயலிலேயே ஒப்புக்கொண்டது. நடுவர் யார் என்பது பணமதிப்புள்ள தகவல் என்று புரிந்துகொண்டு, ஆட்ட நாள் காலையிலேயே நடுவர் பெயர்களை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட ஆரம்பித்தது.

நடுவரின் செல்வாக்கை வெளிப்படையாகப் பயன்படுத்துவது யார் என்று பார்த்தால், லீக்கேதான். 2004-ல் வெளிப்புறத்தில் ஆடும் வீரர்களைக் கையால் தடுப்பதைக் கண்டிப்பாகத் தண்டிக்கச் சொன்னது. வேகமான சிறிய வீரர்களுக்கு வாசல் திறந்தது. 2021-ல், தடுப்பவர் மேல் வேண்டுமென்றே சாய்ந்து ஃபவுல் வாங்கும் தந்திரங்களுக்கு விசில் கிடையாது என்றது. ஜேம்ஸ் ஹார்டன், ட்ரே யங் போன்றவர்கள் அந்தப் பருவத் தொடக்கத்தில் தவித்துப்போனார்கள். இந்த உத்தரவுகள் எந்த அணியையும் குறிவைக்கவில்லை, ஆனால் யாருடைய ஆட்டமுறை செல்லும், யாருடையது செல்லாது என்பதை அவை தீர்மானித்தன. இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு ஹூஸ்டன் விசில் சின்ன விஷயம்.

தவறுகளைக் குறைக்க லீக் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2014-ல் நியூஜெர்சியின் சீகாகஸில் ரீப்ளே மையம் வந்தது, 2019-20 முதல் பயிற்சியாளர்கள் ஒரு முடிவை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கலாம் என்றானது. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஊதிய விசிலைத் திருத்தலாம், ஊதாத விசிலை எதிர்த்துக் கேட்க முடியாது. 2023 ஜனவரியில் பாஸ்டனில் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கடைசி நொடியில் கூடைக்குப் பாய்ந்தபோது பாஸ்டனின் ஜேசன் டேட்டம் அவர் கையில் அடித்ததை அரங்கமே பார்த்தது, மூன்று நடுவர்கள் பார்க்கவில்லை. லெப்ரான் மண்டியிட்டுத் தரையில் கவிழ்ந்தார். அவருடைய அணித்தோழர் பேட்ரிக் பெவர்லி ஒரு போட்டோகிராஃபரின் கேமராவை வாங்கிக்கொண்டு போய் நடுவரிடம் படத்தைக் காட்டினார், பதிலுக்கு டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான தண்டனை) வாங்கினார். ஓவர்டைமில் லேக்கர்ஸ் தோற்றது. மறுநாள் நடுவர்கள் சங்கமே தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கும் உரிமையைத் திறந்துவிட்ட பிறகு, டோனகி காலத்தில் ஒளிந்து நடந்த வியாபாரம் இப்போது அரங்கின் விளம்பரப் பலகையிலேயே இருக்கிறது. ஒரு வீரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதற்குத் தனிப் பந்தயம் உண்டு. 2024-ல் ஜான்டே போர்ட்டர் என்ற வீரர் அதற்காகவே ஆட்டத்திலிருந்து பாதியில் விலகியது தெரிந்து ஆயுள் தடை பெற்றார். முதல் பாதியில் அடுத்தடுத்து இரண்டு ஃபவுல் விழுந்து ஒரு வீரர் பெஞ்சுக்குப் போனாலும் அந்தப் பந்தயத்தின் கணக்கு தலைகீழாகிவிடும். என்பிஏ 2015 மார்ச்சிலிருந்து நெருக்கமான ஆட்டங்களில் ஒவ்வொரு விசிலும் சரியா தப்பா என்று மறுநாள் அறிக்கை வெளியிடுகிறது. அந்த அறிக்கை கடைசி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும்தான். மற்ற 46 நிமிடங்களையும் லீக் மதிப்பிட்டு நடுவர்களுக்கு மதிப்பெண் போடுகிறது, வெளியே காட்டுவதில்லை.